பழுத்ததா, உருகியதா? இடிபாட்டில் கண்ட உலோகமும் கண்டவர் சொல்லும்

2001 செப்டம்பர் 11, காலை 9.52 மணி. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம், 80-ஆம் மாடி. வடக்கு முகத்தில், கிழக்கு மூலையை ஒட்டிய ஒரு ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று ஒழுகத் தொடங்கியது. ஏழு நிமிடம் கழித்துக் கோபுரமே விழுந்துவிட்டது. ஒழுகிய காட்சி வீடியோவில் இருக்கிறது, நேரம் பதிவாகியிருக்கிறது, எந்த ஜன்னல் என்பதும் தெரியும். ஒழுகியது என்ன என்று சோதிக்கத்தான் ஒரு துளி மாதிரிகூட இல்லை.

அடுத்த வாரங்களில் இடிபாட்டுக் குவியலில் வேலை செய்தவர்களில் பலர், தீயணைப்பு வீரர்களும் இரும்புத் தொழிலாளர்களும் பொறியாளர்களும், அடியில் உருகிய எஃகைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வார்ப்படச் சாலையில் ஓடுவதுபோல, எரிமலைக் குழம்புபோல, சேனல் இரும்பின் வழியே ஓடியது என்றார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எண்ணக் காரணம் எதுவும் இல்லை. பிறகு இதே வாக்குமூலங்களைக் காட்டி, கோபுரங்களைத் தெர்மைட் (அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த, கடும் சூட்டில் எரியும் கலவை) வைத்து அறுத்துத் தள்ளினார்கள் என்று ஒரு கூட்டம் வாதிட்டது. எதிர்த் தரப்போ சாட்சிகளையே மொத்தமாக ஒதுக்கித் தள்ளியது. இரண்டு தரப்பும் செய்தது ஒரே தவறுதான். “உருகிய எஃகு ஓடியதைப் பார்த்தேன்” என்பதை ஒற்றைத் தகவலாக எடுத்துக்கொண்டார்கள். அதில் மூன்று தகவல்கள் இருக்கின்றன. ஒளிர்ந்தது என்பது கண் கண்டது. ஓடியது என்பதும் பெரும்பாலும் கண் கண்டதே. எஃகு என்பது கண் கண்டதல்ல. அது பார்த்தவர் வைத்த பெயர்.

நம் பட்டறைப் பேச்சில் இந்த வேறுபாடு எப்போதும் உண்டு. இரும்பைப் பழுக்கக் காய்ச்சுவது வேறு, உருக்குவது வேறு. கொல்லன் உலையில் இரும்பு செக்கச் செவேலென்று பழுக்கும், ஆனாலும் கட்டியாகவே இருக்கும். குறட்டில் பிடித்துச் சம்மட்டியால் அடிக்கலாம். எஃகுக்கு உருக்கு என்றே பெயர் வைத்த மொழி நம்முடையது. அமெரிக்கத் தொழிலாளர்களின் பேச்சு வழக்கில், பழுத்த இரும்பையும் உருகிய இரும்பையும் ஒரே சொல்லால் குறிப்பதும் உண்டு. குவியலிலிருந்து இயந்திரக் கவ்வி ஒன்று ஒளிரும் துண்டைத் தூக்கும் படம் உலகம் சுற்றியது. அடிப்பக்கம் மஞ்சளாகவும் மேலே போகப் போகச் சிவப்பாகவும் தெரியும் அந்தத் துண்டை உருகிய எஃகுக்குச் சான்றாக இன்றும் காட்டுகிறார்கள். கவ்வி அதைப் பிடித்துத் தூக்குகிறது என்பதே அது கட்டியாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. உருகியதை யாரும் கவ்விப் பிடிக்க முடியாது.

இனி எண்களுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று வீடுகளில் தெரியும். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். காரீயம் 327, துத்தநாகம் 420, தூய அலுமினியம் 660. கோபுரங்களில் மோதிய போயிங் 767 விமானங்களின் அலுமினியக் கலவைகள், கலவையைப் பொறுத்து, 475 முதல் 640 வரை. பித்தளை 900-ஐ ஒட்டி, செம்பு 1,085. கட்டட எஃகு உருக 1,500 டிகிரியை நெருங்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு ஒரே உருகுநிலை கிடையாது. 700-ஐ ஒட்டி இளகும், 1,000-ஐ நெருங்கும்போது தேன்போல வழியும். அறை முழுதும் பற்றிக்கொண்ட சாதாரணக் கட்டடத் தீ 1,000 டிகிரியைத் தொடும், சில சமயம் 1,100-ஐயும். ஆக, இந்தப் பட்டியலில் எஃகைத் தவிர மற்ற எல்லாமே சாதாரணத் தீயில் இளகவோ ஓடவோ கூடியவை. உலக வர்த்தக மையத்தில் இவை அத்தனையும் இருந்தன. கோபுரங்களின் வெளிப்புறம் முழுக்கவே அலுமினியத் தகடுதான்.

2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரைக் காட்டுத்தீ அழித்தபோது இதைத் தெருவிலேயே பார்க்க முடிந்தது. கார்களின் அலுமினிய அலாய் சக்கரங்கள் உருகி, சரிவில் வெள்ளி ஓடைபோல ஓடி உறைந்து கிடந்தன. பக்கத்திலேயே காரின் எஃகுக் கூடு துருப்பிடித்த நிறத்தில், வடிவம் கலையாமல் நின்றது. ஆறிய பிறகு பார்த்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதே ஓடையை இரவில், புகைக்குள், கனன்றுகொண்டிருக்கும்போது பார்த்தவரைக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருக்கலாம்.

நிறத்தை வைத்தாவது உலோகத்தைச் சொல்ல முடியாதா? இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சூடான பொருளின் நிறம் முதன்மையாக அதன் வெப்பநிலையைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. இருட்டில் 525 டிகிரியை ஒட்டி மங்கிய சிவப்பு தெரியத் தொடங்கும். 750 முதல் 800 வரை நல்ல சிவப்பு, 900 முதல் 1,000 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் மஞ்சள், 1,300 தாண்டினால் வெண்மை. இது இருட்டறைக் கணக்கு. பட்டப்பகலில் 600 டிகிரி இரும்பு கறுப்பாகத்தான் தெரியும். பிரகாசம் வேறு கணக்கு. துருச்செதில் படிந்த எஃகு, அந்த வெப்பநிலையில் ஒளிரக்கூடிய முழு அளவில் ஏறத்தாழ எட்டு பங்கை வெளிவிடும் என்றால் (முழு அளவைப் பத்து என்று வைத்துக்கொண்டால்), சுத்தமான உருகிய அலுமினியம் ஒன்றோ இரண்டோதான் வெளிவிடும். அதனால்தான் வார்ப்பட மூசையில் அலுமினியம் பாதரசம்போல வெள்ளையாகத் தெரிகிறது.

“ஆரஞ்சாக இருந்தது, ஆகவே அலுமினியமல்ல” என்ற வாதம் இதிலிருந்து வந்ததுதான். அது நிற்காது. அலுமினியத்தின் மேல் ஆக்சைடும் கசடும் படிந்தால், எரிந்துகொண்டிருக்கும் கம்பளத்தூளும் மேசைத்தூளும் ஒட்டினால், ஒளிர்வது அந்த மேல்பூச்சு. 80-ஆம் மாடியில் ஒழுகியதற்கு நிஸ்ட் என்று சுருக்கி அழைக்கப்படும் அமெரிக்க தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் சொன்ன விளக்கமும் இதுவே: விமான அலுமினியம், கூடவே பாதி எரிந்த தளவாடப் பொருட்கள். எரிந்த கரித்துண்டுகள் அலுமினியத்துடன் கலக்காமல் மிதக்குமே என்று ஆட்சேபித்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மிதப்பது மேற்பரப்பில்தான், தூரத்துக் கேமரா பார்ப்பதும் மேற்பரப்பைத்தான். விமானத்தின் பெரும்பகுதி சிதறிக் குவிந்தது அந்த மூலைப் பக்கம் என்பதால் நிஸ்ட் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் அதுவும் ஊகமே, அவர்கள் கையிலும் மாதிரி இல்லை. கேமராவையும் முழுக்க நம்பிவிடக் கூடாது. அதிக வெளிச்சத்தில் சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் வெள்ளையாகும். நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலை தானியங்கியாக மாறும். ஒளிரும் பொருளின் அகச்சிவப்புக் கதிரிலும் சிறிது படத்தில் கலந்துவிடும்.

குவியலுக்கு வருவோம். செப்டம்பர் 16 அன்று அமெரிக்க நிலவியல் ஆய்வகத்துக்காக நாசாவின் ஏவிரிஸ் கருவி விமானத்திலிருந்து அளந்தபோது, சூட்டுப் புள்ளிகளில் மிக உயர்ந்தது 700 டிகிரியைச் சற்றுத் தாண்டியது. அது மேற்பரப்பின் அளவு. உள்ளே அதைவிடச் சூடாக இருந்திருக்கும். அலுமினியத்துக்கும் ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் அது தாராளம். எஃகு வாரக்கணக்கில் திரவமாக இருந்தது என்பதற்குப் போதாது. ஏன் என்பது எஃகு ஆலையில் கொப்பரை கையாண்டவர்களுக்குத் தெரியும். நூறு டன்னுக்கு மேல் எஃகு, சுற்றிலும் தீச்செங்கல், முன்கூட்டியே சூடாக்கிய கொப்பரை. அப்படியிருந்தும் நிமிடத்துக்கு அரை முதல் ஒரு டிகிரி வரை குறையும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மறுபடி சூடேற்றாவிட்டால் கொப்பரையிலேயே உறைந்து, ஆலைக்குப் பெருந்தலைவலி. தெர்மைட்டும் இதைத் தீர்க்காது. அது 2,000 டிகிரிக்கு மேல் போகும், ஆனால் சில நொடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். மூன்று வாரம் கழித்து ஓடும் திரவத்துக்கு அதைக் காரணம் சொல்வது, பொங்கலுக்கு வெடித்த வெடியால் சித்திரையில் புகை வந்தது என்பதுபோல.

ஆனால் அந்தக் குவியலில் உண்மையாகவே உருகிய இரும்பு இருந்தது, தினமும் இருந்தது. இதை இரண்டு தரப்பும் மறந்துவிடுகின்றன. முதல் நாட்களிலிருந்தே ஆக்சி-அசிட்டிலின் கட்டிங் டார்ச்சும், தடித்த தூண்களுக்கு ஆக்சிஜன் ஈட்டியும் (ஆக்சிஜன் பீச்சும் நீண்ட குழாய்) வைத்து எஃகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். டார்ச் எஃகை முதலில் 900 டிகிரியை ஒட்டிச் சூடாக்கும். பிறகு ஆக்சிஜன் பீச்சும்போது எஃகே எரியும். இரும்பு ஆக்சைடுக் கசடும் கொஞ்சம் உருகிய இரும்பும் வெட்டுக்குக் கீழே கொட்டும், சேனலுக்குள் விழுந்தால் சேனல் வழியே ஓடும். கீழ்த்தளத்தில் நிற்பவருக்கு மேலே டார்ச் இருப்பது தெரியாமல் போகலாம். ஆறிய பின் அது உத்தரத்தின் அடியில் மெழுகுச் சொட்டுபோல உறைந்து தொங்கும். எனவே எந்தச் சாட்சியிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அப்போது பக்கத்தில் யாராவது வெட்டிக்கொண்டிருந்தார்களா?

உருகாமலே உருகியதுபோல் தெரிவதும் உண்டு. 2002 மே மாதம் வெளிவந்த ஃபெமா (அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பு) அறிக்கையின் இணைப்பில், வூஸ்டர் பாலிடெக்னிக் பேராசிரியர்கள் பார்னெட், பீடர்மன், சிஸ்ஸன் மூவரும் இரண்டு எஃகுத் துண்டுகளை ஆராய்ந்தார்கள். ஒன்று அதே வளாகத்தின் 7-ஆம் எண் கட்டடத்தினுடையது, மற்றது கோபுரங்களில் ஒன்றினுடையது. தடித்த தகடு காகிதம்போல மெலிந்து, விளிம்பு சுருண்டு, ஓட்டை ஓட்டையாக இருந்தது. பார்ப்பவர் எவரும் உருகியது என்றுதான் சொல்வார். நுண்ணோக்கியில் வேறு கதை. கந்தகம் எஃகின் படிகமணிகளுக்கு இடையே புகுந்து, இரும்பு ஆக்சைடும் இரும்பு சல்ஃபைடும் சேர்ந்த தாழ்உருகு கலவையை உண்டாக்கியிருந்தது. அது 1,000 டிகிரியை ஒட்டியே திரவமாகிவிடும். எஃகு உருகவில்லை, அரிக்கப்பட்டிருந்தது. அந்தக் கந்தகம் எங்கிருந்து வந்தது என்று அந்த அறிக்கை முடிவு சொல்லவில்லை. மேலும் ஆராயச் சொன்னது.

இன்னொன்று, விண்கல் என்று பட்டப்பெயர் பெற்ற பெரிய கட்டி. பல மாடிகளின் தளம் நசுங்கி ஒட்டியது. உருகிய எஃகும் கான்கிரீட்டும் கலந்து உறைந்தது என்று வர்ணிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் கருகிய காகிதங்கள் இருக்கின்றன, சிலவற்றில் அச்செழுத்தைப் படிக்க முடிகிறது. எழுத்துத் தெரியும்படி காகிதம் எஞ்சியிருக்கும் இடத்தில் 1,500 டிகிரித் திரவம் ஓடியிருக்க வழியில்லை.

பெயர் எப்படிப் பார்வைக்குள் நுழைகிறது என்பதற்குப் பழைய ஆய்வுகள் உண்டு. 1932-இல் கார்மைக்கேல், ஹோகன், வால்டர் என்ற உளவியலாளர்கள் மூவரும் இரண்டு வட்டங்களைக் கோட்டால் இணைத்த படத்தைக் காட்டினார்கள். சிலருக்கு மூக்குக்கண்ணாடி என்று சொல்லி, சிலருக்கு டம்பெல் என்று சொல்லி. நினைவிலிருந்து வரையச் சொன்னபோது கேட்ட பெயரின் பக்கம் படம் சாய்ந்தது. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் மோதும் படத்தைக் காட்டி, ஒரு குழுவிடம் “மோதி நொறுங்கியபோது” என்றும் இன்னொரு குழுவிடம் “மோதியபோது” என்றும் வேகத்தைக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, நொறுங்கியது என்று கேட்ட 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள், மோதியது என்று கேட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரே உணவுக் கூடாரத்தில் சாப்பிட்டு, ஒரே செய்தியைப் பார்த்து, மாதக்கணக்கில் ஒன்றாக வேலை செய்தவர்களிடையே “உருகிய எஃகு” என்ற சொல் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்துப் பேர் சொன்னார்கள் என்பது பத்துத் தனிச் சாட்சியாகாமல் போகலாம்.

நிபுணர் பார்த்தால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1991 டிசம்பர் 23, டெக்சாஸின் கோர்சிகானா. ஒரு வீடு எரிந்து மூன்று குழந்தைகள் இறந்தார்கள். வாசற்படியில் பதித்திருந்த அலுமினியப் பட்டை உருகியிருந்தது. வெறும் விறகுத் தீ அலுமினியத்தை உருக்காது, ஆகவே எரிதிரவம் ஊற்றப்பட்டிருக்கிறது என்று புலனாய்வாளர் சாட்சி சொன்னார். வேறு சான்றுகளும் சேர, தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்கு மரண தண்டனை, 2004 பிப்ரவரி 17 அன்று நிறைவேற்றம். 2009-இல் டெக்சாஸ் தடயவியல் ஆணையத்துக்காக இதை ஆராய்ந்த தீ அறிவியல் நிபுணர் கிரெய்க் பெய்லர், தீவைப்பு என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றார். முழுதும் பற்றிய அறையில் எரிதிரவம் ஒரு சொட்டுகூட இல்லாமலே அலுமினியம் உருகும். இங்கே உலோகத்தின் பெயர் சரி, உருகியதும் சரி. தீ எவ்வளவு சூடாகும் என்பதில்தான் தவறு.

அதே 1991-இன் அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைகளில் எரிந்து முடிந்த வீடுகளில் 50-ஐ லென்டினி, ஸ்மித், ஹெண்டர்சன் என்ற தீப் புலனாய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். காட்டுத்தீயில் எரிந்தவை, யாரும் எரிதிரவம் ஊற்றாதவை. தீவைப்பின் அடையாளம் என்று அதுவரை நம்பப்பட்ட உருகிய செம்பும், தொய்ந்த கட்டில் ஸ்பிரிங்கும், வலைவெடிப்பு விழுந்த கண்ணாடியும் அங்கேயும் கிடந்தன. உருகியதுபோல் தெரிந்த எஃகுப் பொருட்களைப் பற்றி அவர்கள் சொன்னது நமக்கு முக்கியம்: துருச்செதில் ஏறியதா, உருகியதா என்பதை வெட்டி மெருகேற்றிப் பார்க்காமல் வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

அப்படியானால் சாட்சியை எப்படிப் பயன்படுத்துவது? இடத்தையும் நேரத்தையும் காட்டும் கைகாட்டியாக. முடிந்தால் ஓரிரு நாளுக்குள், ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேட்பவர் வாயில் எஃகு, உருகியது, குழம்பு என்ற சொற்கள் வரக் கூடாது. முதலில் அவரையே முழுதும் சொல்ல விட்டு, பிறகு பிரித்துக் கேட்கலாம். எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், பகலா இருட்டா, கண்ணில் என்ன கண்ணாடி? (வெல்டிங் கண்ணாடி நிறத்தையே மாற்றிவிடும்.) தானாக அசைந்ததா, அல்லது கட்டியாக இருந்ததை இயந்திரம் அசைத்ததா? தண்ணீர்போலவா, தேன்போலவா? தேன் என்றால் கண்ணாடியையோ கசடையோ நினைக்க வேண்டும், ஏனென்றால் உருகிய உலோகம் தண்ணீர்போல ஓடும். ஆறிய பின் பார்த்தீர்களா, அப்போது என்ன நிறம்? கடைசியாக, அது எஃகு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்கு “அங்கே எல்லாம் எஃகுதானே” என்று பதில் வந்தால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது தெளிவாகிவிடும்.

பிறகு சொன்ன இடத்துக்குப் போய், அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஆறிய கட்டியை எடுக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது, எல்லோரும் ஏமாறுவதும் அதில்தான். இரும்புச் செதிலும் காந்தத்தில் ஒட்டும். அலுமினியக் கட்டிக்குள் நாலு திருகாணி புதைந்திருந்தாலும் ஒட்டும். சிலவகைத் துருப்பிடிக்காத எஃகு ஒட்டாது. அதைவிட எடை நம்பகமானது. கட்டி காற்றில் 540 கிராம், நூலில் கட்டித் தண்ணீரில் முழுக வைத்தால் 340 கிராம் என்றால், வித்தியாசம் 200. 540-ஐ 200-ஆல் வகுத்தால் 2.7, அதாவது தண்ணீரைப்போல 2.7 மடங்கு அடர்த்தி, அது அலுமினியம். எஃகு 7.85 காட்டும், செம்பு 8.9, காரீயம் 11.3. உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் எண் குறையும். கண்ணாடி 2.5 என்பதால் அலுமினியத்தோடு குழம்பும். அதற்கு ஓர் அரம் போதும், அலுமினியம் பளபளவென்று அறுபடும், கண்ணாடி அறுபடாது.

எக்ஸ் கதிரால் எந்தத் தனிமம் என்று காட்டும் கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப் கருவி நல்லதுதான், ஆனால் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். அலுமினியத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர் பலவீனமானது, மெல்லிய தூசுப் படலமே மறைத்துவிடும். சிமென்ட் தூசின் கால்சியத்தையும் சிலிக்கானையும் காட்டிவிட்டு நிற்கும். அரத்தால் தேய்த்து வெறும் உலோகம் தெரிந்த பிறகே வைக்க வேண்டும்.

முடிவாகச் சொல்வது உலோகவியல் வெட்டுமுகம். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டி (உலர வெட்டினால் வெட்டும் சூடே உள்ளமைப்பை மாற்றும்), பிசினில் பதித்து, உப்புத்தாளால் 240-ஆம் எண் கரடிலிருந்து 1,200-ஆம் எண் நுண்மை வரை தேய்த்து, ஒரு மைக்ரான் வைரப் பசையால் மெருகேற்றி, எஃகாக இருந்தால் எத்தனாலில் 2 சதவீத நைட்ரிக் அமிலத்தில் சில நொடி தோய்க்க வேண்டும். உருகி உறைந்த எஃகில் மரக்கிளைபோன்ற படிக அமைப்பு தெரியும். ஆலையில் உருட்டி வந்த உத்தரம் உருகாமல் இருந்தால், எஃகின் உள்ளமைப்புகளான ஃபெரைட்டும் பெர்லைட்டும் பட்டை பட்டையாக அப்படியே இருக்கும். மிகச் சூடாகியிருந்தால் மணிகள் பருத்திருக்கும், விளிம்பில் கரி இழந்த அடுக்கு இருக்கும். இரும்பு ஆக்சைடும் மணற்தூசும் சேர்ந்த கசடு 1,200 டிகிரியை ஒட்டியே உருகும் என்பதையும் மறக்கக் கூடாது. அதில் இரும்பு நிறைய இருக்கும், ஆனால் அது எஃகல்ல.

சூட்டை அளக்க உலோகமே வேண்டும் என்பதுகூட இல்லை. தூணில் பூசிய அடிப்பூச்சு 250 டிகிரியைத் தாண்டினால் வறண்ட ஏரிச்சேறுபோல வெடிக்கும். நிஸ்ட் இதை வைத்து, தீ எரிந்த மாடிகளின் வெளித்தூண்களில் 170-க்கும் மேற்பட்ட இடங்களைப் பார்த்தது. மூன்றே தூண்கள் 250-ஐத் தாண்டியிருந்தன. கிடைத்த துண்டுகள் மொத்தக் கட்டடத்துக்கும் பிரதிநிதியல்ல என்று நிஸ்டே எழுதியது. எஃகு தாங்குதிறனில் பாதியை இழக்க 600 டிகிரியை ஒட்டியே போதும் என்பதால், கோபுரம் விழ எஃகு உருகியிருக்கத் தேவையும் இல்லை.

மாதிரி எவ்வளவு எஞ்சியது என்பதுதான் வருத்தம். இரண்டு கோபுரங்களிலும் சேர்ந்து ஏறக்குறைய 2 லட்சம் டன் எஃகு. நிஸ்ட் ஆராயக் கிடைத்தது 236 துண்டுகள். அதுவும் தன்னார்வப் பொறியாளர்கள் பழைய இரும்புக் கிடங்குகளில் அலைந்து, குறியிட்டு ஒதுக்கிவைத்ததால். தூண்களில் குத்தியிருந்த எண்ணை வைத்து எந்த மாடி என்று அறிந்தார்கள். உறைந்த சொட்டுக்கும் ஓடைக்கும் எண் கிடையாது. அவற்றை எடுத்துவைக்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. மிச்ச எஃகு பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதில் ஒரு பகுதி கப்பலேறி, 2002 தொடக்கத்தில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. 30,000 டன்னுக்கு மேல் என்று அப்போது செய்திகள் வந்தன. நச்சுத்தூசு ஒட்டியிருக்குமோ என்று சூழலியல் அமைப்பினர் கேள்வி எழுப்பினார்கள். அந்த எஃகு இங்கே உலைக்குப் போய் உண்மையாகவே உருகியது.